ராணுவ வீரரின் மனைவியாக அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்? உங்களுக்கு மகிழ்ச்சி தந்த தருணம் எது?

என் வீட்டுக்காரர் மெட்ராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தார். கல்யாணமாகிப் பதினோரு வருடம் ஆகிறது. ஜவானுக்கு வருடத்துக்கு 60 நாள் ஆனுவல் லீவு, 30 நாள் கேஷுவல் லீவு. ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் ஒன்பது வருடத்தில் அவரோடு ஒரே வீட்டில் இருந்தது இரண்டு வருடம்கூடச் சரியாகத் தேறவில்லை. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

அந்த ஒன்பது வருடத்தைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். தேனிப் பக்கம் மாமியார் வீடு, வடக்கே எங்கேயோ அவர், நடுவில் சிக்னல் கிடைத்தால் பேசும் போன். குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாத ஃபீல்டு போஸ்டிங்கில் கணவர் இருக்கிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதையேதான் சொல்வாள்.

இரண்டு வருடம் முன்பு வெலிங்டனுக்கு போஸ்டிங் வந்தது. குன்னூருக்குப் பக்கத்தில், ஆறாயிரம் அடி உயரத்தில் இருக்கிற கன்டோன்மென்ட். வெலிங்டன் என்றதும் வெளியாட்கள் ஆபீசர்கள் படிக்கிற ஸ்டாஃப் காலேஜைத்தான் நினைப்பார்கள். நாங்கள் எம்.ஆர்.சி. ஆட்கள், அதாவது ரெஜிமெண்டின் பயிற்சி சென்டர். என்னவர் அங்கே உஸ்தாத். புதிதாகச் சேரும் அக்னிவீர் பையன்களுக்கு டிரில் சொல்லித் தருகிறார். குவார்ட்டர்ஸில் எங்களுக்கு இடப்பக்கம் பாலக்காட்டுச் சேச்சி, வலப்பக்கம் சித்தூர்க்கார அக்கா. ஓணத்துக்கு பாயசம், உகாதிக்குப் பச்சடி, பொங்கலுக்கு என் முறை.

காலை நாலரைக்கு அலாரம் அடிக்கும். அவர் இருட்டிலேயே பி.டி.க்கு, அதாவது உடற்பயிற்சிக்குக் கிளம்பிவிடுவார். மழைக்காலத்தில் இங்கே துணி காயாது. யூனிஃபார்மை அயர்ன் பண்ணியே காயவைக்கிற வித்தையை சேச்சிதான் கற்றுத் தந்தார். பையனை ஸ்கூலுக்குக் கூட்டிப் போகும் வழியில் சில நாள் காட்டெருமை நிற்கும். அது நகர்கிறவரைக்கும் நாமும் நிற்க வேண்டியதுதான். "காட்டெருமை நின்னுச்சு மிஸ்" என்றால் டீச்சர் மறுபேச்சு பேசுவதில்லை. இது தெரிந்தபிறகு என் பையனுக்கு வாரம் இரண்டு காட்டெருமை வர ஆரம்பித்தது.

பெரிய பாடு இட்லி மாவு. எங்கள் ஊரில் ராத்திரி கரைத்து வைத்தால் விடியும்போது பாத்திரத்தை விட்டு வழிந்து நிற்கும். இங்கே மூன்றாம் நாளும் அப்படியே கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தது. கடைசியில் அவருடைய மிலிட்டரி கம்பளியை எடுத்துப் பாத்திரத்தைச் சுற்றி வைத்தேன். பொங்கிவிட்டது! "கவர்ன்மென்ட் கம்பளிடி அது!" என்று கத்தினார். அன்றைக்கு எட்டு இட்லி சாப்பிட்டார்.

இங்கே ஒரு சின்னப் புலம்பல். மிலிட்டரிக்காரர் பெண்டாட்டி என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் முதலில் விசாரிப்பது அவர் உடம்பை அல்ல, மிலிட்டரி கேன்டீனில் சலுகை விலையில் கிடைக்கிற கோட்டாவை. பேசியே இராத ஒன்றுவிட்ட சித்தப்பாகூட, "மாப்ளைட்ட சொல்லி ஒரு ரம் பாட்டில்..." என்று இழுப்பார். வெளியே கொடுக்கக் கூடாது சித்தப்பா, சோப்பு வேணும்னா தர்றேன் என்பேன். அதற்குப் பிறகு போன் வராது.

சந்தோஷம் என்றால் கசம் பரேடைச் சொல்லலாம். பயிற்சி முடித்த பையன்கள் கொடிக்கு முன்னால், அவரவர் வேத நூலின் மேல் சத்தியம் செய்து, உப்பை நாவில் வைத்து உறுதிமொழி எடுப்பார்கள். பார்க்க ஊரிலிருந்து அப்பா அம்மாக்கள் வருவார்கள். சுவெட்டர் இல்லாமல், குளிரில் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருமுறை என் பக்கத்தில் இருந்த ராமநாதபுரத்து அம்மா, எல்லாத் தலையும் ஒரே மாதிரி வெட்டியிருந்ததால் மகனைக் கண்டுபிடிக்க முடியாமல் தவித்தார். "ஒங்க பையன் எந்த வரிசைம்மா?" என்று என்னைக் கேட்டார். பையன் இல்லை, வீட்டுக்காரர் இங்கே உஸ்தாத் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "ரொம்பத் திட்டுவாராம்மா?"

நிஜமாகவே எனக்கு பதில் தெரியவில்லை. கிரவுண்டில் அவர் போடுகிற சத்தம் குவார்ட்டர்ஸ் வரைக்கும் கேட்கும் என்பார்கள். அதுவரை வீட்டில் ஒரு சத்தம் கிடையாது. பையனைக்கூட அதட்டியதில்லை.

அது ஏன் என்று யோசித்தபோதுதான் புரிந்தது. இத்தனை வருடமும் அவர் எங்கள் வீட்டுக்கு லீவில் வந்த விருந்தாளி. வந்தால் கறி எடுப்போம், மீன் வாங்குவோம், நான் நல்ல புடவையாகக் கட்டுவேன். அத்தை தன் மூட்டுவலியை மறைப்பார். முப்பது நாளில் கிளம்பப் போகிறவரிடம் யார் சண்டை போடுவார்கள்? பிள்ளையைத் திட்ட அவருக்குத்தான் மனசு வருமா? மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் முதல்முறை வந்து வெலிங்டனில் இறங்கியபிறகும் பல மாதம் நாங்கள் அப்படியேதான் இருந்தோம், லீவு நீண்டுகொண்டே போகிற மாதிரி.

ஒரு ராத்திரி தட்டில் கை வைத்தவர், "நேத்தும் ரசந்தானே?" என்றார். கல்யாணமாகி முதல்முறை என் சமையலைக் குறை சொன்னார். "ஆமா, நாளைக்கும் ரசந்தான்" என்றேன். உள்ளே போய்த் தனியாகச் சிரித்துக்கொண்டேன். உங்கள் கேள்விக்கு என் பதில் அந்த ரசம்தான்.

அதே வாரம் இன்னொன்றும் நடந்தது. பையன் கணக்குப் பரீட்சைத் தாளை மெத்தைக்கடியில் ஒளித்து வைத்திருந்தான். அவர் கண்ணில் பட்டுவிட்டது. அன்றைக்குத்தான் அந்த கிரவுண்ட் குரலை நானும் கேட்டேன். சுவரெல்லாம் அதிர்ந்தது. சேச்சி ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். தினமும் குளிக்கும்போது "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்று ரெஜிமெண்ட் முழக்கத்தைப் போட்டு வாளியை அடிக்கிற பையன் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

படுக்கும்போது என் காதில் கேட்டான்: "அம்மா, அப்பாவுக்கு லீவு எப்ப முடியும்?"

"இது லீவு இல்லடா, அப்பா இங்கதான் இருப்பாரு."

"தெனமுமா?"

பக்கத்துக் கட்டிலில் தூங்குகிற மாதிரி படுத்திருந்தவர் தோள் குலுங்கியது. முகத்தை மூடிக்கொள்ளக் கம்பளியைத் தேடினார். அது சமையலறையில் மாவுப் பாத்திரத்தைச் சுற்றி இருந்தது.