திடலோர நாற்காலி

அன்புள்ள ஐயா,

பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன் நான். இப்போது டவுனில் தமிழ்ச் சபையில் உபதேசியாராக இருக்கிறேன். எங்கள் வட்டாரக் காற்பந்துக் கழகத்தார் என்னைச் சாப்ளினாக, அதாவது ஆட்டக்காரர்களுக்கு ஆன்மிகத் துணையாக, வரச் சொல்கிறார்கள். ஆட்டக்காரர்களில் பாதிக்கு மேல் இந்துப் பையன்கள், நான்கைந்து கிறிஸ்துவர்கள், மூன்று மலாய்க்காரர்கள். ஆட்டத்துக்கு முன் ஒரு ஜெபம் பண்ண வேண்டும், பையன்கள் கெட்டுப்போகாமல் ஒரு கண் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறார் செயலாளர். முன்பு ஒரு கழகத்தில் நீங்கள் இந்தப் பணியைச் செய்ததாக எழுதியிருந்தீர்கள். எங்கிருந்து தொடங்குவது?

வாசகர் (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

கட்டாயம் போங்கள். ஆனால் செயலாளர் சொன்ன இரண்டு வேலையையும் அவர் சொன்னபடி ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

உடை மாற்றும் அறையில் எல்லாரையும் நிற்க வைத்து ஜெபிப்பது வேண்டாம். விலகி நின்றால் இன்றைக்கு ஆட விடமாட்டார்களோ என்று இந்துப் பையன் பயப்படுவான். மலாய்ப் பையன்கள் பாடு இன்னும் சங்கடம். முஸ்லிம்களிடையே பிற சமயங்களைப் பரப்புவதை மாநிலங்கள் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தலாம் என்கிறது நம் மலேசிய அரசியலமைப்பின் 11(4)ஆம் பிரிவு. பேராக்கில் அப்படிச் சட்டமும் இருக்கிறது. சட்டமே இல்லாவிட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன். பந்தாட வந்தவனிடம் மதம் மாற்றும் வேலை கூடாது. வேண்டியவர்கள் வரட்டும் என்று கோல் கம்பத்துக்குப் பின்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள், போதும். ஜெயிக்க வேண்டும் என்று மட்டும் ஜெபிக்காதீர்கள். எதிரணியிலும் நம் பிள்ளைகள்தான் ஆடுகிறார்கள்.

இங்கிலாந்தில் இந்தப் பணிக்கு நல்ல மரபு உண்டு. ஜான் பாயர்ஸ் என்ற பாப்டிஸ்ட் போதகர் 1977இல் வாட்ஃபோர்ட் கழகத்தில் சாப்ளினாகச் சேர்ந்தார். பின்னாளில் மான்செஸ்டர் யுனைடெட்டிலும் இருந்தார். 1991இல் அவர் தொடங்கிய அமைப்புதான் இன்று ஸ்போர்ட்ஸ் சாப்ளின்சி யூகே. அவர்கள் வைத்திருக்கும் விதியைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: நலம் விசாரிக்க நீயாகத் தேடிப் போ, சமயம் பற்றி அவன் கேட்டால் பேசு.

இரண்டாவது வேலை, அந்த 'ஒரு கண்'. இதில் நான் பட்டிருக்கிறேன். பயிற்சிக்கு அடிக்கடி தாமதமாக வந்த பையன் ஒருவனை ஒருநாள் மோட்டாரில் வீட்டில் இறக்கிவிட்டேன். இறங்கும்போது, அப்பா குடித்துவிட்டு வந்து அடிப்பதாகவும் தங்கச்சியைத் தூங்க வைத்துவிட்டுத்தான் கிளம்ப முடிகிறது என்றும் சொன்னான். நல்லது செய்வதாக நினைத்துப் பயிற்றுநரிடம் சொல்லிவிட்டேன். அவரும் நல்ல மனிதர்தான். மறுநாள் எல்லார் முன்னாலும், "இவன் வீட்டு நிலைமை அப்படி, இவன் லேட்டா வந்தா யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார். பையன் காலணிக் கயிற்றை அவிழ்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு திடலுக்கு வரவே இல்லை. பல மாதம் கழித்துப் பசார் மாலாமில், இரவுச் சந்தையில், பார்த்தேன். "வணக்கம் சார்" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் நடந்தான். குற்றம் என்னுடையது.

ஆகவே முதல் நாளே செயலாளரிடமும் பயிற்றுநரிடமும் சொல்லிவிடுங்கள்: பையன்கள் சொல்வது என்னோடு இருக்கும், நீங்கள் கேட்கக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றாலோ, வயது வராத பிள்ளைக்குக் கொடுமை நடக்கிறது என்றாலோ மட்டும் உரிய இடத்தில் சொல்வேன் என்பதைப் பையன்களுக்கும் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசி, தாலியான் ஹீல், 15555. கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள்.

உங்கள் வேலை பெரும்பாலும் ஆடாதவனோடுதான். முழங்கால் ஜவ்வு கிழிந்து அறுவை சிகிச்சை ஆனவன் திரும்பி ஆட ஒன்பது மாதமாவது ஆகும். எங்கள் இடதுபக்கத் தடுப்பாட்டக்காரனுக்கு அப்படி ஆனது. முதல் மாதம் ஆரஞ்சுப் பழத்தோடு ஆளாளுக்கு வந்து பார்த்தார்கள். மூன்றாவது மாதம் அவன் இடத்தில் வேறொருவன் ஆடிக்கொண்டிருந்தான். இவன் திடலோரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பான். வெளியே வரும் பந்தை ஊன்றுகோலால் நிறுத்தி, குனிந்து எடுத்து, சட்டையில் துடைத்துவிட்டு எறிவான். பந்தை வாங்குபவன் இவன் முகத்தைப் பார்ப்பதில்லை. பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பிறகு அவனோடும் அவன் அம்மாவோடும் ஈப்போ மருத்துவமனைக்குப் போய் எண் வாங்கிக் காத்திருந்தேன். நான் செய்த ஊழியத்தில் உருப்படியானது அதுதான் என்று இன்றும் நம்புகிறேன்.

சில இழப்புகளுக்கு வசனம் தேடாதீர்கள். 1980இல் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று வென்று நம் மலேசியக் காற்பந்து அணி மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. கோல்காவலர் ஆறுமுகம் இருந்த அணி. சோவியத் யூனியன் ஆப்கானிஸ்தானில் படையெடுத்ததைக் கண்டித்து நாடு ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது, அவர்கள் போகவில்லை. அந்த ஆட்டக்காரர்களிடம் "எல்லாம் நன்மைக்கே" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

தைப்பூசத்துக்கு விரதம் இருக்கும் பையன்கள் பயிற்சியில் சோர்ந்துபோவார்கள். நோன்பு மாதத்தில் மலாய்ப் பையன்களுக்கும் அதே நிலை. பயிற்சி நேரத்தை மாற்றச் சொல்லிப் பயிற்றுநரிடம் பேச வேண்டியவர் நீங்கள். எங்கள் பையன் ஒருவன் காவடி எடுத்தபோது ஈப்போ கல்லுமலைக் கோயில்வரை அவனோடு நடந்தேன். என் சபையில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. உங்கள் சபையிலும் பேச்சு வரலாம், அதற்கும் தயாராக இருங்கள்.

முதல் தடவை ஆட்ட நாளில் போகாதீர்கள், வார நாள் பயிற்சிக்குப் போங்கள். வேதாகமம் மோட்டார் பெட்டியிலேயே இருக்கட்டும். தண்ணீர்ப் பெட்டி தூக்க எப்போதும் ஆள் தேவைப்படும், அதைத் தூக்குங்கள். திடலோரத்தில் யார் உட்கார்ந்திருந்தார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்