சான்றிதழில் இல்லாத வெயில்

அன்புள்ள ஐயா,

காலநிலை மாற்றத்தால் மக்களின் உடல்நலத்துக்கும் பொருளாதாரத்துக்கும் நேரும் பாதிப்புகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். நாள் முழுக்க வெப்பநிலை அட்டவணையும் இறப்புக் கணக்கும்தான். செத்தவர்களை வெறும் எண்ணாக்கிவிட்டேனோ என்று குற்றவுணர்வாக இருக்கிறது. போதாக்குறைக்கு ஒவ்வொரு உயிருக்கும் பண மதிப்பு வேறு போட வேண்டியிருக்கிறது. ஆய்வை விட்டுவிட்டுக் களத்தில் இறங்கிவிடலாமா? இலக்கியத்தால் இதில் ஏதாவது செய்ய முடியுமா?

ர.

அன்புள்ள ர.,

அப்பா இறந்த நாள் நெருங்குகிறது. நானும் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன், அதனால் உடனே எழுதுகிறேன்.

இலக்கியத்தால் என்ன முடியும் என்பதை இப்போதைக்கு விடுங்கள். களப்பணியும் நல்லதுதான், அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் ‘வெறும் எண்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. நன்றாகப் படித்த பெண், தன் வேலை என்னவென்று தெரியாமல் இப்படி எழுதலாமா?

அப்பா ஒரு கோடை இரவில் இறந்தார். மொட்டைமாடிக்கு நேர் கீழே இருந்த அறை. பகலெல்லாம் காய்ந்த காங்கிரீட் இரவெல்லாம் சூட்டை உள்ளே இறக்கியது. நள்ளிரவில் சுவரில் கை வைத்தேன், காய்ச்சல்காரரின் நெற்றி போலச் சுட்டது. மின்விசிறி அனலைத்தான் சுற்றிச் சுற்றி அனுப்பியது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். தாகமில்லை என்றார். காலையில் பார்த்தபோது தலைமாட்டில் வைத்த டம்ளரில் தண்ணீர் அப்படியே இருந்தது. அவர் இல்லை.

வந்து பார்த்த மருத்துவர் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார். பொய்யில்லை, நின்றது இதயம்தான். அதை நிறுத்தியது எது என்று அவரும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

பல வருடங்கள் கழித்துத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. வயதானால் தாக உணர்வே மங்கிவிடுகிறது. சூட்டை வெளியேற்ற உடல் ரத்தத்தைத் தோலுக்குத் தள்ளுகிறது, அதற்கு இதயம் கூடுதலாக உழைக்கிறது. வியர்த்து நீர் குறையக் குறைய அந்த உழைப்பு இன்னும் கூடுகிறது. காற்றில் ஈரம் மிகுந்துவிட்டால் வியர்வை சரியாக ஆவியாவதில்லை. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி, காற்றின் ஈரத்தையும் சேர்த்து அளப்பதை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். மனித உடல் தாங்கும் எல்லை அந்த அளவில் 35 டிகிரி செல்சியஸ் என்று 2010ல் ஸ்டீவன் ஷெர்வுட், மாத்யூ ஹூபர் என்ற காலநிலை விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். அப்புறம் ஆய்வகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை வைத்துச் சோதித்தார்கள். ஈரமான சூழலில் அதே அளவில் ஏறக்குறைய 31 டிகிரியிலேயே அவர்களுடைய உடல் சூட்டைக் கட்டுப்படுத்த முடியாமல் தடுமாறியது. இளைஞர்களுக்கே அப்படியென்றால் எழுபதைத் தாண்டியவருக்கு?

சரி, அந்த மரணத்தை வெயிலின் கணக்கில் சேர்த்தது யார்? சான்றிதழ் சேர்க்கவில்லை, மகன் நானும் சேர்க்கவில்லை. உங்களைப் போன்றவர்கள்தான் சேர்த்தார்கள். வழக்கமாக இந்த வாரத்தில் இத்தனை பேர் இறப்பார்கள், இந்த வருடம் இத்தனை பேர் இறந்திருக்கிறார்கள், கூடுதலாகப் போனவர்கள் எத்தனை பேர் என்று கழித்துப் பார்க்கிறீர்கள். 1995ல் சிகாகோவின் வெப்ப அலையில் 700க்கும் மேற்பட்டவர்கள் அப்படித்தான் கணக்குக்குள் வந்தார்கள். 2003 கோடையில் ஐரோப்பாவில் 70,000க்கும் அதிகமானவர்கள். இவர்களில் எத்தனையோ பேரின் தாளில் இதயம், சிறுநீரகம், மூச்சு என்றுதான் எழுதியிருக்கும். 2021ல் வெளியான ஆய்வு ஒன்று 43 நாடுகளில் 732 இடங்களை எடுத்துக்கொண்டது. 1991 முதல் 2018 வரை அங்கே கோடை வெப்பத்தால் நேர்ந்த இறப்புகளில் 37 சதவீதத்துக்கு மனிதர்கள் உண்டாக்கிய வெப்பமயமாதலே காரணம் என்று அது காட்டியது. அந்த 37ஐப் படித்துவிட்டு நான் அழுதேன். அதற்குமுன் அப்பாவின் சாவை விதி என்று நினைத்திருந்தேன். இனி ‘வெறும்’ என்று எழுதாதீர்கள்.

பண மதிப்பு விஷயத்தில் உங்கள் உறுத்தல் நியாயம்தான், ஆனால் அதை வைத்துச் சண்டை போட வேண்டும், ஓடக்கூடாது. ஐ.நா.வின் காலநிலைக் குழு 1995ல் அறிக்கை தயாரித்தபோது, வருமானத்தை வைத்து உயிருக்கு விலை போட்டதில் ஏழை நாட்டவரின் உயிர் பணக்கார நாட்டவருடையதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கியது. பெரிய எதிர்ப்பு எழுந்தது. கணக்குத் தெரிந்தவர்கள் அதைத் திறந்து பார்த்ததால்தான் எழுந்தது. எதிர்கால இழப்பை இன்றைய மதிப்புக்கு வருடா வருடம் குறைத்துக் கணக்கிடும் தள்ளுபடி விகிதமும் அப்படித்தான். நூறு வருடம் கழித்து வரும் 100 டாலர் இழப்பை வருடத்துக்கு 5 சதவீதத்தில் கழித்தால் இன்றைக்கு ஒரு டாலர்கூட இல்லை. 1.4 சதவீதத்தில் ஏறக்குறைய 25 டாலர். எதிர்காலத்தில் பிறக்கப்போகிறவர்களின் மதிப்பு இந்த ஒரு எண்ணைத் தேர்ந்தெடுப்பவரின் கையில் இருக்கிறது. அந்த இடத்தில் மனசாட்சி உறுத்துகிற ஒருவர் உட்கார வேண்டாமா? நீங்கள் எழுந்து போனால் உறுத்தல் இல்லாதவர் வந்து உட்காருவார்.

ஆய்வை விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். இதற்குமேல் நான் என்ன சொல்ல, அம்மா. ஒன்றே ஒன்று கேட்கிறேன். பகலின் உச்ச வெப்பநிலையை மட்டும்தான் எடுத்திருக்கிறீர்களா? அப்படியானால் இரவில் எவ்வளவு இறங்கியது என்பதையும் சேருங்கள். அப்பா போனது மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில்.