ஆள் நிற்பதில்லை

வணக்கம். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் விசாரித்தோம். டெபாசிட், மாதக் கட்டணம், டயப்பருக்குக்கூடத் தனி பில். சுத்த வியாபாரம் என்று வந்துவிட்டேன். வேளச்சேரி வீட்டிலேயே ஏஜென்சி ஆள் வைத்துப் பார்க்கிறோம். ஆனால் ஆள் நிற்பதில்லை. அண்ணன் இல்லத்தில்தான் சேர்க்கச் சொல்கிறான். நான் செய்தது சரியா?

ர.

அன்புள்ள ர.,

அண்ணன் பேச்சை விடுங்கள். தூர நின்று பார்ப்பவர்களுக்கு யோசனைக்குப் பஞ்சமில்லை. பிசியோதெரபிக்குப் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வருகிறார்கள்.

‘ஆள் நிற்பதில்லை’ என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். இல்லத்தை வியாபாரம் என்று திட்டிவிட்டு, அதே வியாபாரத்தைக் கூடத்தில் கட்டில் போட்டு உட்கார வைத்திருக்கிறீர்கள். ஏஜென்சிக்குக் கட்டுவதில் அந்தப் பெண் கைக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டீர்களா?

மாம்பலத்தில் என் அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அவள் ஊட்டினால்தான் அம்மா வாயைத் திறப்பாள். ரசம் சாதத்தில் உப்பு குறைந்தால் இருவரும் சேர்ந்து என்னைத் திட்டுவார்கள். நன்றாக ஒட்டிக்கொண்ட நேரத்தில் ஏஜென்சி அவளை வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டது. பழகிவிட்டால் நாங்களே நேரடியாக வைத்துக்கொள்வோம், கமிஷன் போய்விடும் என்ற பயம். அப்படி வைத்துக்கொண்டால் அபராதம் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. அடுத்து வந்தவளின் கையை அம்மா தட்டிவிட்டுக்கொண்டே இருந்தாள். உங்கள் வீட்டில் ஆள் ஏன் நிற்பதில்லை என்று விசாரியுங்கள். ஓடிப்போனார்களா, மாற்றப்பட்டார்களா?

ஓடியிருந்தாலும் நியாயம்தான். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் போட வேண்டும். இருபத்து நான்கு மணி நேர டியூட்டி என்றால் அவள் எப்போது தூங்குவாள்? பெற்றோரைக் கைவிடும் பிள்ளைக்கு மூன்று மாதம் வரை சிறை என்கிறது 2007ஆம் ஆண்டுச் சட்டம். புரட்டிப் போடுகிறவளின் தூக்கத்தைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். அவளுக்குப் பாய் எங்கே விரித்திருக்கிறீர்கள்? சாப்பாடு எல்லோருக்கும் பிறகா?

அம்மாவைக் கூட வைத்துக்கொண்டதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் இரவு பத்திலிருந்து இரண்டு வரை வேலைக்கு வந்திருக்கும் பெண்ணைத் தூங்க விடுங்கள். அந்த நேரம் புரட்டுவது உங்கள் வேலை. உங்கள் மனைவியின் வேலை அல்ல, உங்களுடையது.