பொதுவளமும் எலினார் ஆஸ்ட்ரமும்

கேள்வி: பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண்மணி, பொருளியலில் முனைவர் பட்டமே பெறாதவர் என்கிறார்களே, உண்மையா?
(திண்டுக்கல் வாசகி)

பதில்: உண்மைதான். 1933இல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்த எலினார் ஆஸ்ட்ரம், அங்குள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் ஆய்வு செய்ய விரும்பியபோது, கணிதப் பயிற்சி போதாது என்று மறுக்கப்பட்டார். பெண்ணுக்குத் திரிகோணவியல் எதற்கு என்று அவரைப் பள்ளியிலேயே தடுத்துவிட்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எனவே 1965இல் அவர் முனைவரானது அரசியல் அறிவியலில்.

ஒருவகையில் அது நல்லதாகவே முடிந்தது. லாஸ் ஏஞ்சலிஸின் கடலோரப் பகுதியில் ஆளாளுக்கு நிலத்தடி நீரை இறைத்ததால் கடல்நீர் உட்புகுந்தது. இறைத்தவர்களே கூடிப் பேசி எப்படி அளவைக் குறைத்துக்கொண்டார்கள் என்பதே அவருடைய ஆய்வேடு. பொதுமேய்ச்சல் நிலம் அவரவர் பேராசையால் அழிந்தே தீரும் என்று சூழலியலாளர் காரட் ஹார்டின் 1968இல் எழுதிப் புகழ்பெற்றபோது, அப்படி அழியாத இடங்களும் உண்டு என்பதை ஆஸ்ட்ரம் நேரில் அறிந்திருந்தார். சுவிட்சர்லாந்தின் டோர்பெல் கிராமத்தில், குளிர்காலத்தில் தீனி போட்டுக் காக்க முடிந்த மாடுகளுக்கு மேல் ஒரு மாட்டைக்கூட எவரும் மலைமேய்ச்சலுக்கு ஓட்டக் கூடாது என்ற விதி 1517 முதல் இருந்துவந்ததை, 1990இல் வெளியான தம் நூலில் அவர் எடுத்துக்காட்டினார். எவருக்கு எவ்வளவு என்ற எல்லை, பயன்படுத்துவோரே விதியை மாற்றும் உரிமை, தமக்குள்ளேயே கண்காணிப்பு, முதல் மீறலுக்குச் சிறு தண்டனையும் தொடர்ந்தால் பெரிய தண்டனையும் ஆகியவை நீடித்த அமைப்புகளில் பொதுவாக இருப்பதைக் கண்டார். 2009இல் ஆலிவர் வில்லியம்சனுடன் பரிசைப் பகிர்ந்துகொண்டது இதற்காகத்தான்.

கேள்வி: அப்படியானால் அரசு ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பதா அவர் கருத்து?
(யாழ்ப்பாண வாசகர்)

பதில்: அவர் பெயரைச் சொல்லி அப்படி வாதிடுவோர் நூலை முழுதும் படிக்கவில்லை என்றே நினைக்கிறேன். கலிபோர்னியாவில் அந்த நிலத்தடி நீர் உடன்பாட்டை உறுதிசெய்தது நீதிமன்றம். மேலும், தோல்விகளுக்கும் அவர் ஓர் அத்தியாயத்தை ஒதுக்கியிருக்கிறார். அதில் உங்கள் நாடும் வருகிறது. தென்னிலங்கையின் மாவெல்ல கடற்கரையில் கரைவலைகளின் எண்ணிக்கைக்குச் சட்டத்தில் வரம்பு இருந்தும், செல்வாக்குள்ளவர்கள் அது நடைமுறைக்கு வராமல் பார்த்துக்கொண்டனர். வலைகள் பெருகின, ஒவ்வொருவரின் பங்கும் சுருங்கியது. அங்கே அரசு ஒதுங்கி நிற்கவில்லை, அந்த வரம்புக்குத் துணையாகவும் நிற்கவில்லை.