தெருவில் திரியும் பிள்ளைகளை மீட்டு விடுதியில் சேர்த்தால் போதாதா? குடிசைப் பகுதிப் பெண்களுக்குக் கடன், தொழில் என்பதெல்லாம் எதற்கு?

சென்னையில் ஒரு ரயில் நிலையத்தில், குழந்தைகள் உதவி மேசையில் ஆறு வருடம் உட்கார்ந்திருந்தேன். இப்போது பெரும்பாக்கத்தில் மகளிர் குழுக்களோடு வேலை. அங்கிருந்து இங்கே ஏன் வந்தேன் என்று சொன்னாலே உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

பிளாட்பாரத்தில் தனியாக ஒரு பிள்ளை நின்றால் பார்ப்பவர்கள் உடனே ‘பாவம், அனாதை’ என்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் மேசைக்கு வந்த பிள்ளைகளில் அப்பா, அம்மா இருவருமே இல்லாதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வெளியூர் வண்டியில் ஏறி வந்த பிள்ளைகள் ஒரு வகை. வீட்டில் அடி, பரீட்சையில் ஃபெயில், அல்லது சும்மா கடல் பார்க்கிற ஆசை. ஊர் பெயரும் தெருப் பெயரும் கேட்டு வாங்கிவிட்டால் அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பெரும்பாலும் முடிகிற காரியம். இன்னொரு வகை, இதே சென்னையில் அம்மா இருக்கிற பிள்ளைகள். காலையில் கொண்டுபோய் விட்டால் மறுவாரம் அதே தண்ணீர் பாட்டில் மூட்டையோடு அதே ஆறாவது பிளாட்பாரத்தில் நிற்பார்கள். என்னைத் தோற்கடித்தவர்கள் இவர்கள்தான்.

நடைமுறை என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் 1098-ஐ அழைக்கலாம். 1996-இல் மும்பையில் தொடங்கிய எண் அது. 2023-இலிருந்து அரசே நேரடியாக நடத்துகிறது. பிள்ளை நம் கைக்கு வந்ததும், பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் அப்படிச் சொல்கிறது. வீட்டுக்கு அனுப்புவதா, இல்லத்தில் வைப்பதா என்று குழுதான் முடிவு செய்யும். நாங்கள் அதைக் ‘கமிட்டி’ என்போம், இல்லத்தை ‘ஹோம்’ என்போம். பிள்ளைகளும் அப்படியேதான் சொல்லும்: “என்ன மறுபடியும் கமிட்டியாக்கா?”

அப்படிக் கேட்ட ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். வயது பதினொன்று. மூன்று முறை எங்கள் மேசைக்கு வந்தான். முதல் இரண்டு முறையும் ஹோம். இரண்டு முறையும் சுவர் ஏறிக் குதித்து ஓடி வந்தான். பஞ்சர் ஒட்டுகிற சொலூஷனைக் கர்சீஃபில் ஊற்றிப் போதைக்காக முகர்கிற பழக்கம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. ஹோமில் யாரும் அடிக்கவில்லை, சாப்பாடும் நன்றாக இருந்தது என்று அவனே சொன்னான். “அப்புறம் ஏண்டா ஓடி வந்தே?” என்றால் தலையைக் குனிந்துகொள்வான்.

அவன் குடும்பம் சென்ட்ரலுக்குப் பக்கத்தில் கூவம் கரையில் இருந்தது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடிசைகளை எடுத்து, ஏராளமான குடும்பங்களை நகரத்துக்கு வெளியே அனுப்பினார்கள் இல்லையா, அதில் இவர்களும் பெரும்பாக்கம் போனார்கள். சென்ட்ரலிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர். எட்டு மாடிக் கட்டடங்கள், இருபதாயிரத்துக்கும் மேல் வீடுகள். வீடு என்னவோ கல் வீடுதான், கதவு இருக்கிறது, கக்கூஸ் இருக்கிறது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவன் அம்மா பூ விற்பவர். வாடிக்கை எல்லாம் பாரிமுனைப் பக்கம். பெரும்பாக்கத்தில் பூ விற்க உட்கார்ந்தால் வாங்கவும் ஆளில்லை, பக்கத்தில் பத்துப் பேர் அதே பூவோடு உட்கார்ந்திருந்தார்கள். அதனால் விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பிப் பூ எடுத்து, கட்டி, விற்று, ராத்திரி பத்துக்குத்தான் வீடு. அரையாண்டுத் தேர்வு நேரத்தில் வீடு மாறியதால் பையனின் பள்ளிக்கூடமும் நடுவில் அறுந்தது. மூன்று வயதுத் தங்கச்சியை அவனிடம் விட்டுவிட்டுப் போவார். அவன் கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டான். பிறகு தங்கச்சியைப் பக்கத்து வீட்டில் தள்ளிவிட்டு, தன் பழைய கூட்டாளிகள் இருக்கிற சென்ட்ரலுக்கே பஸ் ஏறிவிட்டான்.

மூன்றாவது முறை கமிட்டி, அம்மாவை வரவழைத்து, பையனை ஒழுங்காகப் பள்ளிக்கூடம் அனுப்புவதாக எழுதி வாங்கிக்கொண்டு ஒப்படைக்கச் சொன்னது. தாளை நீட்டியவள் நான்தான். நாலு வார்த்தை கடுமையாகவும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

“மேடம், நாலு மணிக்கு நான் பூ எடுக்கப் போணும். ஏழு மணிக்கு இவன எழுப்பி ஸ்கூலுக்கு அனுப்ப ஒரு ஆள வச்சுக் குடு. எங்க வேணாலும் கையெழுத்து போடுறேன்.”

எனக்குப் பதில் தெரியவில்லை. எங்கள் கோப்பில் அதற்கு ஒரு கட்டமும் இல்லை.

நாலு மணிக்கே ஏன் போக வேண்டும்? ஒரு நாள் உட்கார்ந்து கணக்குக் கேட்டேன். அவர் தலையில் மூன்று தண்டல் ஓடிக்கொண்டிருந்தது. தண்டல் தெரியாதவர்களுக்கு: 10,000 ரூபாய்க் கடன் என்று பேசி, 1,500-ஐ முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 8,500-ஐக் கையில் தருவார்கள். ஒரு நாளைக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். கேட்பதற்குச் சின்ன வட்டி மாதிரி இருக்கும். அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துப் போட்டால் ஆண்டு வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும். மூன்று தண்டல் என்றால் தினம் முந்நூறு ரூபாய் எடுத்து வைத்த பிறகுதான் அரிசி, பஸ், மருந்து. ஒரு நாள் லீவு போட்டால் மறுநாள் அறுநூறு. இந்தப் பெண்ணிடம் போய் “பையனோடு நேரம் செலவிடுங்கள்” என்று ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன், அதுவும் ஆறு வருடம்.

இது எனக்குத்தான் புதிது, ஊருக்குப் புதிதில்லை. 1978-லேயே ஜெயா அருணாச்சலம் சென்னையில் உழைக்கும் மகளிர் சங்கத்தைத் தொடங்கியது இந்த மாதிரிப் பெண்களை வைத்துத்தான். பூக்காரி, காய்கறிக்காரி, இட்லி சுடுபவர் என்று தெருவில் பிழைப்பவர்களுக்கு நியாய வட்டியில் சிறு கடன். அரசுப் பக்கம் 1989-இல் தர்மபுரியில் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. ஆனாலும் குழந்தைகள் துறைக்கு ஒரு கோப்பு, மகளிர் குழுவுக்கு வேறொரு கோப்பு. இரண்டும் சந்திக்கிற இடம் அந்தப் பூக்கார அம்மாவின் வீடு ஒன்றுதான்.

குழு என்றாலே நல்லது என்று சொல்ல வரவில்லை. சிறுகடன் நிறுவனங்கள் பத்துப் பெண்களைச் சேர்த்து, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்று கொடுக்கிற வாரக் கடனும் ‘குழு’ என்ற பெயரில்தான் நடக்கிறது. வசூல் நாளன்று கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தவணைக்காகப் பதின்மூன்று வயதுப் பெண்ணை வீட்டு வேலைக்கு அனுப்பியவர்களும் உண்டு. தையல் பயிற்சி இன்னொரு கூத்து. மூன்று மாத வகுப்பு, சான்றிதழ், ஒரு போட்டோ. ஒரே பிளாக்கில் நாற்பது தையல்காரிகள் இருந்தால் யாருக்கு யார் ஜாக்கெட் தைப்பது?

அரசு செய்ததில் உருப்படியாக வேலை செய்தவை, மேடையில் பேசப்படாத காரணங்களுக்காக வேலை செய்தன. 2021-இல் சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆனபோது, எங்கள் பகுதியில் சிலர் மத்தியானம் வீட்டுக்கு வந்து பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டு மறுபடி வேலைக்குப் போனார்கள். காசு கொடுத்து நாலு தடவை பஸ் ஏற யாரால் முடியும்? 2022-இல் வந்த காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளை எட்டு மணிக்கே பள்ளிக்குள் இழுத்துவிட்டது. 2023 செப்டம்பரிலிருந்து வரும் மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் ரூபாய், தண்டல்காரருக்குப் பத்து நாள் தவணை. கேலிக்குச் சொல்லவில்லை, பத்து நாள் பெரிய விஷயம். கணவனை இழந்த, கைவிடப்பட்ட பெண்களின் பிள்ளைகளுக்கு மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசுக் குழந்தைகள் நலத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உண்டு. பிள்ளையை ஹோமுக்கு அனுப்பாமல் அம்மாவிடமே வைத்திருப்பதற்கான பணம் அது. அதற்கு வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, பள்ளிச் சான்று என்று அலைய வேண்டும். நாள் கூலிக்காரிக்கு ஒவ்வோர் அலைச்சலும் ஒரு நாள் சம்பளம். எங்கள் குழுவில் இப்போது ஒருத்தி அந்த அலைச்சலுக்கென்றே இருக்கிறார்.

வயதுச் சான்று இல்லை என்று பள்ளியில் திருப்பி அனுப்பினால் நம்பாதீர்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அதற்காகச் சேர்க்கையை மறுக்க முடியாது. படிப்பு விட்டுப்போன பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப் பயிற்சியும் கொடுக்க வேண்டும். இதைத் தலைமையாசிரியரிடம் மரியாதையாகச் சொன்னாலே பாதி இடங்களில் வேலை முடிந்துவிடுகிறது.

ஹோமே வேண்டாம் என்கிறேனா? இல்லை. வீட்டிலேயே சீரழிக்கப்பட்ட பெண் குழந்தையை எந்த வீட்டுக்கு அனுப்புவது? ராத்திரி பதினொரு மணிக்குத் தனியாக நிற்கிற பிள்ளைக்கு அன்றைக்கே ஒரு கூரை வேண்டும். அதற்கு ஹோம்தான். அம்மா இருக்கிற, அம்மாவுக்குப் பிள்ளை மேல் பாசமும் இருக்கிற வீட்டிலிருந்து, அம்மாவுக்கு நேரமில்லை என்பதற்காகப் பிள்ளையை எடுத்துக்கொண்டு போவதைத்தான் சொல்கிறேன்.

அந்தப் பூக்கார அம்மா கேட்ட ஆளைப் பிறகு நாங்களே வைத்தோம். குழு உறுப்பினர் ஒருவரின் வீட்டு முன்னறையில், விடியற்காலை நாலு மணியிலிருந்து ராத்திரி ஒன்பதுவரை பிள்ளை பார்த்துக்கொள்ளும் இடம். அங்கன்வாடி சாயங்காலத்துக்குள் மூடிவிடும், இரண்டு வயதுக்குக் கீழே எடுக்கவும் மாட்டார்கள். எங்களுக்கு வேண்டியதோ அந்த நேரமும் அந்த வயதும்தான். இரண்டு பாட்டிமார் மாறி மாறிப் பார்க்கிறார்கள். பெரிய பிள்ளைகளை ஏழு மணிக்கு எழுப்பி, தலை வாரி, பள்ளிக்கு அனுப்புவதும் அவர்கள்தான். தண்டலை முதலில் அடைக்கக் குழுச் சேமிப்பிலிருந்து உள்கடன் கொடுத்தோம், பிறகு வங்கிக் கடன் வந்தது. வட்டி முன்பு கட்டியதில் பத்தில் ஒரு பங்கு மாதிரிதான் வரும். அந்தம்மா பூவை விடவில்லை, ஆனால் விற்றது போதும் என்று சாயங்காலம் ஏழு மணிக்கே வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்.

பையனைப் பற்றிக் கேட்பீர்கள். எட்டாம் வகுப்புவரை போனான், நின்றான், இப்போது சோழிங்கநல்லூர்ப் பக்கம் ஏசி மெக்கானிக்கிடம் எடுபிடி. சொலூஷன் விட்டுவிட்டதாக அவன் சொல்கிறான். அம்மா பாதி நம்புகிறார். தங்கச்சிதான் பள்ளிக்கூடத்தை ஒரு நாளும் விடாதவள்.

ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு நாற்பது ரூபாய் வாங்குகிறோம். பால் விலையைக் காட்டி ஐம்பதாக்க வேண்டும் என்று பாட்டிமார் கேட்கிறார்கள். முடியாது என்கிறவர்களில் முதல் ஆள் அந்தப் பூக்கார அம்மாதான். வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இதுதான் பேச்சு, சத்தம் கொஞ்சம் அதிகமாகத்தான் இருக்கும்.