கோக்கா எங்கே நின்றது? ஓய்வுபெற்ற ஆர்மரரிடம் சில கேள்விகள்

ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பழுதுபார்ப்பவனாக, 24 வருடம் ஓட்டிவிட்டு, இப்போது அஸ்தம்பட்டியில் பேரனைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் கூட்டி வருவதுமாக இருக்கிறேன். துப்பாக்கி மக்கர் பண்ணுவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பணி ஆயுதம், லைசென்ஸ் உள்ள ஆயுதம், இரண்டுக்கும்தான் பதில் சொல்வேன். அப்புறம், எதைத் தொடும் முன்னும் துப்பாக்கி வாயை டார்கெட் பக்கம் வைத்து, மேகசினை (தோட்டாப் பெட்டி) கழற்றி, சேம்பரை (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) கண்ணாலும் விரலாலும் பாருங்கள்.

ஓமலூர், காவல் பணியில் இருப்பவர்: அண்ணா, ரேஞ்சில் எனக்குக் கொடுத்த எஸ்.எல்.ஆர். (செல்ஃப் லோடிங் ரைஃபிள்) ஒரு ரவுண்டு சுடுகிறது, அடுத்தது தானாக ஏறுவதில்லை. ஒவ்வொரு தடவையும் கையால் பிடியைப் பின்னால் இழுத்துக் காக் பண்ணுகிறேன். ஸ்பிரிங் போய்விட்டதா?

தம்பி, ஸ்பிரிங்கை அப்புறம் பார்ப்போம். நின்றபோது கோக்கா, அதாவது சுட்டபின் மிஞ்சும் காலித் தோட்டா உறை, எங்கே இருந்தது, அதைச் சொல்லு. சேம்பரிலேயே உட்கார்ந்திருந்ததா, வெளியேறும் வாசலில் குறுக்கே மாட்டியிருந்ததா, இல்லை அது வெளியே போய் அடுத்த தோட்டா மட்டும் ஏறவில்லையா? அது நின்ற இடத்தைப் பொறுத்து வியாதி மாறும். "ஃபௌரி இலாஜ்" (உடனடி வைத்தியம்) என்று வாத்தியார் கத்தக் கத்தக் காக் பண்ணியே பழகிவிட்டதால் யாரும் உள்ளே பார்ப்பதில்லை.

எஸ்.எல்.ஆர். ஓடுவது கேஸில், அதாவது மருந்து எரிந்து வரும் வாயுவில். குண்டு பேரலுக்குள் போகும்போது பின்னால் வரும் கேஸில் கொஞ்சம், ஒரு சின்ன ஓட்டை வழியாக மேலே ஏறிப் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் பிரீச் பிளாக்கை, அதாவது சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் இரும்புக் கட்டையை, பின்னால் அடிக்கிறது. போகும் வழியில் பிளாக் பழைய கோக்காவை உருவி எறிகிறது, திரும்பி வரும்போது புதிய தோட்டாவைத் தள்ளிக்கொண்டு வருகிறது. தேவைக்கு மேல் உள்ள கேஸை வெளியே விடுவது ரெகுலேட்டர், குக்கர் வெயிட் மாதிரி. அது அதிகம் திறந்திருந்தால் பிளாக் பாதி தூரம் போய்த் திரும்பிவிடும். கோக்கா வாசலில் மாட்டும், அல்லது கோக்கா போய்விட்டாலும் அடுத்த தோட்டாவின் பின்புறத்தைப் பிடிக்குமளவு பிளாக் பின்னால் போயிருக்காது.

உனக்கு இந்த இரண்டில் ஒன்று என்றால் முதலில் சுத்தம். பிஸ்டனை உருவித் தலையைப் பார். அடுப்பில் வைத்த பாத்திரத்தின் அடி மாதிரி கரி அப்பியிருக்கும். அதைத் துடைத்து, சிலிண்டருக்குள்ளும் துணி விட்டு எடு. பிஸ்டனில் எண்ணெய் தடவாதே, சூட்டில் அதுவே கரியாகும். பிறகு ரேஞ்ச் ஆர்மரரை வைத்துக்கொண்டு ரெகுலேட்டரை நன்றாகத் திறந்து தொடங்கி, சுட்டுப் பார்த்து, ஒவ்வொரு கிளிக்காக மூடிக்கொண்டே வாருங்கள். ஒழுங்காக ஓடத் தொடங்கும் இடத்துக்கு மேல் இன்னும் இரண்டு கிளிக், போதும். முழுக்க மூடிவிட்டால் நன்றாக ஓடும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஓடும், ஆனால் தோளும் துப்பாக்கியும் அடி வாங்கும்.

கோக்கா சேம்பரிலேயே இருந்து, கையால் காக் பண்ணினால் சுலபமாக வெளியே விழுகிறது என்றால், கேஸ் பிஸ்டனுக்கு வரவே இல்லை. முன்னால் இருக்கும் கேஸ் பிளக்கைப் பார். ரைஃபிள் கிரனேடு சுடுவதற்காக அதை அரை வட்டம் திருப்பி மாட்டினால் கேஸ் அடைபட்டுவிடும். ஒரு தடவை ஒரு ஜவான் காலை முழுக்க 20 ரவுண்டு மேகசினை ஒவ்வொன்றாகக் காக் பண்ணிச் சுட்டுவிட்டு, துப்பாக்கியைக் கண்டம் பண்ணச் சொல்லி எடுத்து வந்தான். பிளக்கைத் திருப்பிக் கொடுத்தேன், அரை நிமிஷ வேலை. அவனுக்கு டீ வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று, அவ்வளவு வெட்கம்.

என்.சி.சி. மாணவி, சேலம்: ஐயா, .22 ரைஃபிளில் டிரிகர் அழுத்தினேன், "டிக்" சத்தம் மட்டும் வந்தது. உடனே போல்ட்டை (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் பாகம்) திறந்ததற்கு ஹவில்தார் திட்டிவிட்டார்.

திட்டியது சரிதான் கண்ணு. மருந்து சில சமயம் தாமதமாகப் பற்றும். போல்ட் திறந்திருக்கும்போது வெடித்தால் கோக்கா உன் முகத்துக்கு வரும். அசையாமல், வாய் டார்கெட் பக்கமே இருக்க, 30 வினாடி எண்ணு. பிறகு திற. .22 தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து நடுவில் இல்லை, விளிம்பைச் சுற்றி இருக்கிறது. எடுத்த தோட்டாவின் விளிம்பில் துப்பாக்கியின் ஃபயரிங் பின் (அடிக்கும் ஊசி) அடித்த பள்ளம் ஆழமாக இருந்தால் தோட்டாவில் குறை. பள்ளம் லேசாக இருந்தால் பின்னிலோ ஸ்பிரிங்கிலோ குறை, அல்லது போல்ட்டில் அழுக்கு.

ஏற்காடு, காபி தோட்டம்: அப்பா காலத்து .22 செமி ஆட்டோமேட்டிக், லைசென்ஸ் இருக்கிறது. மழைக்காலம் முடிந்து எடுத்தால் இரண்டு ரவுண்டுக்கு ஒரு தடவை சிக்குகிறது.

தோல் உறையில் போட்டு வைத்திருப்பீர்கள், சரியா? மலை மேல் பனிமூட்டம், தோல் ஈரத்தைக் குடித்துத் துப்பாக்கிக்குக் கொடுக்கும். உறையை விட்டு எடுத்து, பூட்டிய அலமாரியில் நிற்க வையுங்கள். எஸ்.எல்.ஆர். மாதிரி இதில் பிஸ்டன் கிடையாது. போல்ட்டின் எடையும் ஸ்பிரிங்கும்தான் எல்லாம். எண்ணெய் கெட்டியானாலே போல்ட் சோம்பலாகிவிடும். ஈயக் குண்டின் மெழுகும் கரியும் சேம்பரில் படியும், அதைப் பிரஷ் போட்டு எடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், ஏற்காட்டுக் குளிரில் உறைந்துவிடும். சத்தம் குறைந்த, வேகம் குறைந்த தோட்டா போட்டாலும் போல்ட் முழுக்கப் பின்னால் வராமல் போகலாம். இவ்வளவுக்கும் அடங்கவில்லை என்றால் மேகசினின் உதட்டை, அதாவது தோட்டாவைப் பிடித்திருக்கும் மேல் விளிம்பை, பாருங்கள், கீழே போட்டு வளைந்திருக்கலாம்.

அதே நபர்: ஒரு தடவை "புஸ்" என்று மட்டும் சத்தம் வந்தது. அடுத்ததைச் சுட்டுப் பார்க்கலாமா?

கூடாது! குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் பேரல் வீங்கும், வெடிக்கவும் செய்யும். மேகசினை எடுத்து, சேம்பரைக் காலி செய்து, பேரலை வெளிச்சத்தில் பார்க்காமல் அடுத்த தோட்டாவைத் தொடாதீர்கள். அடைத்திருந்தால் நீங்கள் குச்சி விட்டுக் குத்த வேண்டாம், லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைக்கு எடுத்துப் போங்கள்.

செவ்வாய்ப்பேட்டை: ஒரே அழுத்தில் இரண்டு ரவுண்டு போகிறது. தெரிந்த லேத்காரர் சரிசெய்கிறேன் என்கிறார்.

அவர் கை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் வேண்டாம். 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி பழுதுபார்க்கவே தனி லைசென்ஸ் வேண்டும். டிரிகர் பாகம் தேய்ந்திருக்கலாம், அதை அரம் போட்டு ராவினால் இன்னும் மோசமாகும். இனி ஒரு ரவுண்டு கூடச் சுடாதீர்கள்.

வாழப்பாடி: தாத்தா வீட்டுப் பரணில் நாட்டுத் துப்பாக்கி ஒன்று கிடந்தது. ஓடுமா என்று எப்படிப் பார்ப்பது?

பார்க்காதீர்கள். உள்ளே பழைய மருந்து கிட்டித்த நிலையில் இருக்கலாம். அதைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறவும் வேண்டாம். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, ஸ்டேஷனுக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள், அவர்களே வந்து எடுத்துக்கொள்வார்கள்.