தம்பிக்கு இருப்பது ஆளுமைக் கோளாறா?

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது. வாய் திறந்தால் பொய். வீட்டுப் பணத்தை எடுக்கிறான், அடிதடிக்குப் போகிறான், எந்த வேலையிலும் நிலைப்பதில்லை. எதற்கும் வருத்தப்படுவதும் இல்லை. இணையத்தில் ஒரு கேள்விப் பட்டியலை நிரப்பிப் பார்த்தேன். ‘சமூக விரோத ஆளுமைக் கோளாறு’ என்று வந்தது. மூன்று மாதத்தில் குணப்படுத்துவதாகச் சொல்லி ஓர் ஆலோசகர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஆளுமைக் கோளாறு என்பது வெகுகாலமாக ஊறிப்போன குணப்போக்கு. இது நிஜமாகவே அதுதான் என்றால் மூன்று மாதத்தில் மாறாது. கெடு வைத்துக் குணம் சொல்பவர்களுக்கு உங்கள் பயம்தான் முதலீடு. சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்க மாத்திரை தருபவர்களும் உண்டு. குடியை நிறுத்தத் தரும் டைசல்பிராமை அப்படிக் கலந்து கொடுத்து, அது தெரியாமல் உங்கள் தம்பி மது குடித்தால் உயிருக்கே ஆபத்து.

அந்தக் கேள்விப் பட்டியலையும் மறந்துவிடுங்கள். 18 வயது நிறைந்தவருக்குத்தான் இந்தப் பெயரைச் சூட்டலாம். அதுவும் 15 வயதுக்கு முன்பே திருட்டு, மிருகவதை, ஓயாத சண்டை, பள்ளிக்கு மட்டம் போடுவது என்று தடம் இருந்திருக்க வேண்டும். ஆகவே மருத்துவரிடம் போகும்போது சின்ன வயதுக் கதையையும் பழைய பள்ளி அறிக்கைகளையும் கொண்டுபோங்கள்.

ஒருவேளை சின்ன வயதில் நன்றாகவே இருந்து, 21, 22 வயதில் திடீரென்று மாறியிருந்தால்? இங்கேதான் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். தூக்கம் குறைந்து, பேச்சு கூடி, பணத்தை வாரி இறைத்தால், மனநிலை உச்சத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் இருமுனைக் கோளாறாக (பைபோலார்) இருக்கலாம். விபத்தில் தலையில் அடிபட்டிருந்தாலும், மூளையின் முன்பகுதி பாதித்தால் குணமே மாறும். போதைப் பழக்கமும் ஆளை இப்படியே காட்டும். இருமுனைக் கோளாறுக்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. ஆனால் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு ‘ஆளுமைக் கோளாறு, ஒன்றும் செய்ய முடியாது’ என்று எழுதி அனுப்பினால் அவை யார் கண்ணில் படும்? அப்புறம் காவல்துறை மருத்துவமனைக்கு அனுப்பும், மருத்துவமனை காவல்துறைக்கே திருப்பி அனுப்பும். நடுவில் அலைவது குடும்பம்.

சரி, ஆளுமைக் கோளாறுதான் என்று உறுதியானால் என்ன வழி? கோளாறுக்கென்று தனி மருந்து இல்லை. சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதற்காக வழக்கமாக மருந்து தர வேண்டாம் என்கிறது. கூடவே இருக்கும் குடி, மனச்சோர்வு போன்றவற்றுக்குச் சிகிச்சை தரலாம். யோசிக்கும் விதத்தையும் நடந்துகொள்ளும் விதத்தையும் பேசிப் பேசி மாற்றப் பார்க்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை (CBT) குழுவாக நடத்தினால் சிலருக்கு உதவுகிறது. 40 வயதை நெருங்கும்போது பலரிடம் வேகம் தணிவதும் உண்டு.

அதுவரை அவருக்காக ஜாமீன் கையெழுத்து போடாதீர்கள், அவர் கடனை அடைக்காதீர்கள். கை ஓங்கினால் தம்பிதானே என்று பார்க்காமல் காவல்துறையைக் கூப்பிடுங்கள். மருத்துவரிடம் வர மறுத்தால், முதல் தடவை நீங்கள் மட்டும் போய்ப் பேசுங்கள். பல மனநல மருத்துவர்கள் குடும்பத்தாரைத் தனியாகவும் பார்ப்பார்கள்.